பதினொன்று முதல் பன்னிரண்டு வரை

கட்டத்தை மட்டும் பச்சையாக்குங்கப்பா, வேற எதையும் தொடாதீங்க என்று தேன்மொழி காலையில் போனில் இரண்டு தடவை சொல்லிவிட்டாள், தொடாதே என்றால் தொட்டுப் பார்க்கிற வயசா எனக்கு, அறுபத்தெட்டு முடிந்துவிட்டது. இந்த வயசில் தகப்பன் திண்டுக்கல்லில் தனி வீட்டுக்குள் விழுந்து கிடந்தால் சிங்கப்பூரில் இருக்கிற மகளுக்கு யார் சொல்வது, அதனால் ராஜாமணியைப் பார்த்துக்கொண்டிருந்த கேமரா இனிமேல் என்னைப் பார்க்கப்போகிறது. ராஜாமணி என் சம்சாரம். போய் இரண்டு மாசமாகிறது. வாடகைக்கு எடுத்த ஆஸ்பத்திரிக் கட்டில் அவள் போன கையோடு திரும்பிப் போய்விட்டது, கேமராவை எடுக்கத்தான் யாருக்கும் தோன்றவில்லை, உள் அறை அலமாரி மேல் நின்றபடி கட்டிலின் நாலு கால் பதிந்த தழும்பை இரண்டு மாசமாகப் படம் எடுத்துக்கொண்டிருந்திருக்கிறது. இன்றைக்குத்தான் துண்டில் பொதிந்து தூக்கி வந்து கூடத்தில் டிவி பக்கத்தில் வைத்தேன். வயரைச் சொருகியதும் தலையை இடதும் வலதுமாக ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு என் முகத்துக்கு நேரே நின்றது. கையில் போன், போனில் கட்டம். ஏழு வரிசை ஏழு நாளைக்கு, வரிசைக்கு இருபத்து நான்கு கட்டம், ஒரு கட்டம் ஒரு மணி நேரம். விரலை வைத்து இழுத்தால் பச்சை, திரும்ப இழுத்தால் வெள்ளை. பச்சையில் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு படம் எடுத்து உள்ளே இருக்கிற கார்டில் போட்டுக்கொள்ளும், வெள்ளையில் கண்ணை மூடிக்கொள்ளும், கார்டு நிறைந்தால் பழசை அழித்துவிட்டுப் புதுசை எழுதும். முப்பத்தோரு வருஷம் பஸ் டெப்போவில் டைம்கீப்பராக உட்கார்ந்தவனுக்கு இது ஒரு வித்தையா. பழனி வண்டி ஆறு பத்து, நத்தம் வண்டி ஆறு இருபது, வத்தலக்குண்டு ஆறு இருபத்தைந்து, இந்த மாதிரி எத்தனை கட்டம் போட்டிருப்பேன். இங்கே வண்டிதான் இல்லை, நான் ஒருத்தன்தான்.

எல்லாம் பச்சையாகத்தான் இருக்கிறது, ஒரே ஒரு பத்தி தவிர. மேலிருந்து கீழே ஏழு நாளும், பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவே, பல் விழுந்த இடம் மாதிரி வெள்ளை. அதை வெள்ளையாக்கியவன் நான்தான், இதே விரலால். ராஜாமணிக்கு பக்கவாதம் வந்து வலப்பக்கம் முழுக்கப் போனபோது பேச்சும் கூடவே போய்விட்டது. முப்பத்தெட்டு வருஷம் என்னை என்னங்க என்னங்க என்று கூப்பிட்டவளுக்கு அந்த வார்த்தையின் வால் மட்டும்தான் மிச்சம், ங்க. தண்ணீருக்கும் ங்க, ஃபேனுக்கும் ங்க, பெட்பேனுக்கும் ங்க, எது எதற்கு என்று எனக்கு மட்டும் தெரியும். தேன்மொழி லீவில் வந்தபோது கேமராவைக் கொண்டுவந்து அலமாரி மேல் வைத்து, அங்கேயிருந்தே அம்மாவைப் பாத்துக்கலாம்ப்பா என்றாள். மறுநாள் காலையில் வெந்நீர் வாளியோடு போய் உடம்பு துடைக்கச் சேலையை விலக்குகிறேன், இடது கையால் என் சட்டையைப் பிடித்து இழுத்து, கண்ணால் அலமாரியைக் காட்டி ங்க ங்க என்கிறாள். எனக்குப் புரிந்துவிட்டது. மாப்பிள்ளையும் அதைப் பார்க்கலாம் இல்லையா. பெத்த மகள் முன்னாலேயே முந்தானை விலகாதவள். அன்றைக்குத் துண்டை எடுத்து அதன் தலையில் போட்டேன். துடைத்து முடித்ததும் துண்டை எடுக்க மறந்துவிட்டேன், மகள் அங்கிருந்து அலறிவிட்டாள், நாள் முழுக்க இருட்டா இருக்குப்பா, நான் என்னன்னு நெனைக்கிறது என்று. அதற்கப்புறம்தான் இந்தக் கட்டத்தைச் சொல்லிக்கொடுத்தாள். துடைக்கிற நேரம் எதுவோ அதை வெள்ளையாக்கிடுங்க. பதினொன்று முதல் பன்னிரண்டு. வெள்ளையாக்கிவிட்டுப் போய் ராஜாமணி காதருகில் குனிந்து சொன்னேன், கண்ணப் பொத்தியாச்சு, இனிமே அந்த நேரத்துல பாக்காது. அவள் நம்பினாள். என் வார்த்தையை நம்பாத டிரைவர் உண்டு, கண்டக்டர் உண்டு, அவள் நம்பாத நாள் கிடையாது.

அந்த ஒரு மணி நேரத்தை நான் என்ன பண்ணினேன் என்றுதான் இப்போது விரல் நிற்கிறது. இழுத்தால் ஒரு நொடியில் பச்சையாகிவிடும், இழுக்க வரவில்லை. முதல் பத்து நாள் பதினொன்றுக்குத்தான் துடைத்தேன். அப்புறம் பத்தரைக்கே துடைக்க ஆரம்பித்தேன். கேமரா பார்க்குமே என்றால், போர்வைக்குள் கையை விட்டுத் துடைத்தால் என்ன தெரியப்போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பதினொன்றடித்தால் போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டு, தலையைக் கோதிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன். எங்கே, டெப்போ வாசல் டீக்கடைக்குத்தான், நடந்தால் நாலு நிமிஷம். ரிட்டையர்டு ஆட்கள் நாலு பேர் பெஞ்சில் இருப்பார்கள். அந்தோணிசாமி கண்டக்டர் என்னைக் கண்டதும், வந்துட்டாருய்யா, டைம்கீப்பர் செத்தாலும் டயத்துக்குத்தான் சாவாரு என்பான். ஒரு டீ, ஒரு பருப்பு வடை, அப்புறம் இன்னொரு டீ. அந்த மூத்திர வாடையும் மருந்து வாடையும் இல்லாத காற்று. யாரும் ங்க என்று கூப்பிடாத ஐம்பது நிமிஷம். அவள் மானத்துக்காக மூடின கண்ணை நான் என் சுகத்துக்கு வைத்துக்கொண்டேன், இதை இவ்வளவு அப்பட்டமாக இன்றைக்கு வரை சொல்லிப் பார்த்ததில்லை. தேன்மொழி அப்போதெல்லாம் போனில், நீங்களும் கொஞ்சம் வெளிய போயிட்டு வாங்கப்பா, பக்கத்து வீட்டு அக்காவை உக்கார வச்சுட்டு என்பாள். ஒரு நிமிஷம்கூட அவளை விட்டு நகர மாட்டேன் தாயீ என்று நான் சொல்வேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன், அதுவும் தினமும்.

பங்குனி மூன்றாம் தேதியும் அப்படித்தான் போனேன். பதினொன்று இருபதுக்கு இரண்டாவது டீ வந்தது, எனக்கு நேரம் மறக்காது, மறந்து தொலைந்தாலாவது தேவலை. அந்தோணிசாமி பழைய கதை ஒன்றை எடுத்துவிட்டான், கன்னிவாடி வண்டியில் ஒரு ஆள் ஆட்டுக்கிடாவுக்கு ஜன்னல் சீட்டுக் கேட்ட கதை, நூறு தடவை கேட்டதுதான், அன்றைக்கு என்னவோ டீ மூக்கில் ஏறுகிற அளவுக்குச் சிரித்தேன். பதினொன்று ஐம்பதுக்கு வீட்டுக்கு வந்தேன். ராஜாமணி கண்ணைத் திறந்துகொண்டு படுத்திருந்தாள். என்ன என்றேன். ங்க வரவில்லை. உதடு காய்ந்திருந்தது. நெற்றியில் கை வைத்தேன், சூடு இருந்தது, மூச்சு இல்லை. தலைமாட்டில் டம்ளரில் தண்ணீர் நான் வைத்தது வைத்தபடி நிறைந்திருந்தது. அந்த டம்ளரை எடுத்துக் கொஞ்சம் வாயில் விட்டேன், அது உள்ளே போகவில்லை, கன்னத்தோரம் வழிந்து தலையணைக்குப் போனது. அப்புறம்தான் ஜன்னலைத் திறந்து ஆளைக் கூப்பிட்டேன். வந்த பொம்பளைகள் கேட்கிற முதல் கேள்வி என்ன, தண்ணி குடுத்தீங்களா, யார் கையால என்பதுதான். கடைசி வாய்த் தண்ணீர் இல்லாமல் போகிற உசுருக்குத் தாகம் அடங்காது என்பார்கள். என் கையாலதான், ங்கன்னா, குடுத்தேன், ரெண்டு மடக்குக் குடிச்சா, அப்படியே தலை சாஞ்சிருச்சு என்று சொன்னேன். யோசித்துச் சொல்லவில்லை, பொய்யே என்னை முந்திக்கொண்டு போய் நின்றுகொண்டது. தலையணை நனைந்திருந்ததைப் பார்த்து ஒருத்தி, குடுத்து வச்சவ என்று அழுதாள். அன்றிலிருந்து வீட்டில் டம்ளரில் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் எனக்கு ஆகவில்லை, குடத்தில் வாய் வைத்துக் குடிக்கிறேன், அதுவும் இருமிக்கொண்டே.

மறுநாள் காலையில் தேன்மொழி வந்து இறங்கினாள். அவள் என் மேல் விழுந்து அழுவாள் என்று பயந்துகொண்டிருந்தேன். அழவில்லை, என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள், அப்புறம் உள்ளே போய் அம்மா தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டாள். அதற்கப்புறம் துக்கத்துக்கு வந்தவர்களுக்கெல்லாம் அவள்தான் சொன்னாள், அப்பா கையால தண்ணி குடிச்சிட்டுத்தான் போனாங்க என்று. பதினாறாம் நாள் வரை சொன்னாள். நான் நாலு பேருக்குச் சொன்னதை அவள் நாற்பது பேருக்குச் சொன்னாள். நம்பிவிட்டாள் என்று நினைத்தேன். நிம்மதியாகக்கூட இருந்தது, வெட்கமில்லாமல் சொல்கிறேன். அன்றைக்குக் கேமரா கண்ணை மூடியிருந்தது, பார்த்தவர் யாரும் இல்லை, ராஜாமணியும் நானும்தான், அவள் பேசப்போவதில்லை. இந்த எண்ணத்தைத்தான் இரண்டு மாசமாகத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு படுக்கிறேன். பார்த்தவர் யாரும் இல்லை. ஆனாலும் அந்த அறைப் பக்கம் போனால் முதுகில் ஒரு கண் ஊர்கிறது, அலமாரி மேல் அந்தச் சின்ன நீல விளக்கு விட்டு விட்டு எரியும், யாரோ சொல்ல வந்து சொல்ல வந்து நிறுத்துகிற மாதிரி. அதனால்தானோ என்னவோ கூடத்துக்குக் கொண்டுவருவதற்கு உடனே சரி என்றேன். இப்போது இங்கே உட்கார்ந்து அதே நீலம் எரிகிறது. சரி, இழுத்துத் தொலைப்போம், வெள்ளை போகட்டும். எனக்கு என்ன மானம், எவன் பார்த்தால் என்ன. இழுத்தேன், ஏழு நாளும் பச்சையாகிவிட்டது. வேலை முடிந்தது, போனை வைத்துவிடலாம். வேற எதையும் தொடாதீங்க, நேரத்த நானே இங்கேருந்து பாத்துக்குறேன் என்று சொன்னாளே, நேரத்தில் என்ன இருக்கிறது பார்த்துக்கொள்ள.

டைம்கீப்பரிடம் நேரத்தைத் தொடாதே என்றால் அவன் வேறு எதைத் தொடுவான். கேமரா பார்க்கிற படத்தைப் பெரிசாக்கினேன். கூடம், நாற்காலி, நாற்காலியில் சட்டையில்லாமல் ஒரு கிழவன் போனைக் குனிந்து பார்க்கிறான், நான்தான். மூலையில் பொடி எழுத்தில் மணி. இத்தனை மாசத்தில் இதை ஒரு நாளும் பார்த்ததில்லை, எனக்கு இதில் என்ன பார்க்க இருந்தது, நேரில்தான் அவள் இருந்தாளே, பார்க்கிறதெல்லாம் மகள் பாடு. கண்ணாடியை எடுத்து மாட்டினேன். பதின்மூன்று ஐந்து. சுவரில் பத்து முப்பத்தைந்து. சுவர் கடிகாரம் தப்பாக இருக்காது, தினமும் ரேடியோவைக் கேட்டுத் திருப்பிவைக்கிறவன் நான். முதலில் சிரிப்புதான் வந்தது, என்ன கழுதை இது, இரண்டரை மணி முந்தி ஓடுகிறது, டெப்போவாக இருந்தால் மெமோ கொடுத்திருப்பேன். இரண்டரை மணி. மகள் போன் பண்ணினால் மனசுக்குள் கழித்துக்கொள்கிற அதே இரண்டரை மணி. சிங்கப்பூர் நேரம். அங்கே வாங்கி, அங்கே அவள் வீட்டில் மாட்டிப் பார்த்து, இங்கே கொண்டுவந்து வைத்தாள், ஊரை மாற்றினாள், நேரத்தை மாற்றவில்லை. நானும் பார்க்கவில்லை. காலையில் உள்ளே நுழைந்ததும் முதல் வேலையாகக் கடிகாரத்தைச் சரிபார்க்காத ஒரு நாள் உண்டா முப்பத்தோரு வருஷத்தில், மூன்று நிமிஷத்துக்காகத் தாமோதரன் என்கிற டிரைவரை அழவிட்டிருக்கிறேன், ஊருக்குத்தான் உபதேசம். சிரிப்பு அங்கேயே நின்றுவிட்டது. நான் பதினொன்றை வெள்ளையாக்கினால் அது அதன் பதினொன்றையல்லவா வெள்ளையாக்கியிருக்கும். அதன் பதினொன்று நமக்கு எட்டரை. எட்டரை முதல் ஒன்பதரை வரை கண்ணை மூடிக்கொண்டது, நான் இட்லியைப் பாலில் பிசைந்து ஊட்டுகிறபோது, மறைக்க ஒன்றுமே இல்லாதபோது. முதல் பத்து நாள் சேலையை விலக்கி நான் துடைத்ததை எல்லாம் பார்த்திருக்கிறது. கண்ணப் பொத்தியாச்சு என்றேனே ராஜாமணி, நீயும் சரி என்று கண்ணை மூடிக்கொண்டாயே. அப்புறம், அப்புறம் பதினொன்றும் பன்னிரண்டும். ஒவ்வொரு நாளும். பங்குனி மூன்றும்.

பார்க்காமல் இருந்திருக்கலாம். கார்டில் இருக்கிறதைக் காட்டுகிற இடத்தில் தேதி கேட்கிறது, விரல் என்னைக் கேட்காமல் போய் முந்தின நாளைத் தொட்டது, பங்குனி இரண்டு, நேரே மூன்றுக்குப் போகத் தைரியமில்லை. பதின்மூன்று முப்பது, நம் பதினொன்று. கட்டில், கழுத்துவரை போர்வை, பக்கத்தில் காலி நாற்காலி. ராஜாமணி முகம் கதவுப் பக்கம் திரும்பியிருக்கிறது. பதின்மூன்று முப்பத்தைந்து, கதவுப் பக்கம். நாற்பது, கதவுப் பக்கம். நாற்பத்தைந்து, ஐம்பது, ஐம்பத்தைந்து, தள்ளத் தள்ள அதே படம்தான் வருகிறதோ என்று மூலையில் இருக்கிற மணியைப் பார்த்துப் பார்த்துத் தள்ளுகிறேன், மணி ஓடுகிறது, முகம் மட்டும் கதவை விட்டு நகரவில்லை. நான் போனதும் தூங்கிவிடுவாள் என்றல்லவா நினைத்திருந்தேன், திரும்பி வரும்போது கண்ணை மூடிப் படுத்திருப்பாளே. பதினான்கு இருபதில் நான் வந்துவிட்டேன், கையில் செருப்பு, சத்தம் கேட்கக் கூடாதென்று கழற்றிக் கையில் பிடித்திருக்கிறேன். அந்தப் படத்தில்தான் அவள் கண் மூடியிருக்கிறது. என்னைச் சங்கடப்படுத்தாமல் இருக்க மூடிக்கொள்வாள் போலிருக்கிறது. இதை எங்கே போய்ச் சொல்ல. வாய்விட்டு அழுதேன், கேமரா பார்த்துக்கொண்டிருந்தது.

அப்புறம் மூன்றாம் தேதி. இனி என்ன இருக்கிறது பயப்பட, கேட்டாளா இல்லையா என்று மட்டும் தெரிந்தால் போதும், டம்ளர் பக்கம் கை போனதா, எந்த நிமிஷம் வரை இருந்தாள், இரண்டாவது டீக்கு முன்னாலா, நான் சிரித்தேனே அதற்கு அப்புறமா. பதின்மூன்று இருபத்தைந்து, நான் குனிந்து அவள் தலையைக் கோதுகிறேன். தள்ளினேன். பதினான்கு இருபத்தைந்து, கையில் டம்ளரோடு நான் நிற்கிறேன். நடுவே ஒன்றும் இல்லை. திரும்பித் தள்ளினேன், இருபத்தைந்து, அங்கேயிருந்து ஒரே தாவலில் பதினான்கு இருபத்தைந்து. முந்தின நாள் இருக்கிறது, அதற்கு முந்தின நாள் இருக்கிறது, பார்த்துவிட்டேன், எல்லா நாளும் வரிசையாக இருக்கிறது, இந்த நாளில் மட்டும் பதினோரு படம் இல்லை. கரண்டு போயிருக்குமோ என்று ஒரு மனசு சொல்கிறது. டிரிப் ஷீட்டில் தாளைக் கிழித்துவிட்டு எலி கடித்தது என்று சொன்ன கண்டக்டர்களை நான் பார்த்திருக்கிறேன், எலி கடித்தால் ஓரம் ஒழுங்காக இருக்காது. இது நான் கிளம்பின நிமிஷத்தில் ஆரம்பித்து நான் வந்த நிமிஷத்தோடு முடிகிறது. ஆள் பார்த்துக் கிழித்தது. இதைத் திறக்கத் தெரிந்தவர்கள் உலகத்திலேயே இரண்டு பேர், ஒருத்தன் இங்கே உட்கார்ந்திருக்கிறான். அப்படியென்றால் அன்றைக்குச் சேதி போன உடனே, விமானம் ஏறுவதற்கு முன்னாலேயே அவள் பார்த்துவிட்டாள். பதினோரு படத்தையும் பார்த்துவிட்டு, அழித்துவிட்டு, வந்து இறங்கி என் முகத்தைப் பார்த்திருக்கிறாள். பார்த்துவிட்டுத்தான் நாற்பது பேருக்கும் சொன்னாள், அப்பா கையால தண்ணி குடிச்சிட்டுத்தான் போனாங்க. என் பொய்யைச் சுமக்க எனக்கு முதுகு போதாதென்று பாதியைத் தன் தலையில் ஏற்றிக்கொண்டிருக்கிறாள், இரண்டு மாசமாக, அந்த ஊரில், ஆபீசுக்குப் போய்க்கொண்டு. எனக்குத் தெரியாதது அவளுக்குத் தெரியும். கேட்டால் நான் பொய்யன் என்று ஆகிவிடும். கேட்காவிட்டால் சாகிற வரைக்கும் பதினொன்றடித்தால் அந்த முகம் கதவுப் பக்கம் திரும்பிக்கொண்டே இருக்கும்.

போன் கையிலேயே அடித்தது. தேன்மொழிதான், சாப்பாட்டு நேரம் முடிவதற்குள் கூப்பிடுகிறேன் என்று சொல்லியிருந்தாள்.

"என்னப்பா, கட்டமெல்லாம் பச்சை பண்ணிட்டீங்களா?"

"ஆச்சு."

"பதினொண்ணு பன்னெண்டும்?"

"அதுவும் ஆச்சு."

"நேரத்தத் தொடலையில்ல?"

அவள் பின்னால் நாலு பேர் பேசுகிற சத்தம், தட்டு கழுவுகிற சத்தம். இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"தேனு, அம்மா தண்ணி கேட்டாளா?"

அந்தப் பக்கம் சத்தமெல்லாம் மெல்லத் தூரமானது, அவள் நடக்கிறாள், ஒரு கதவு மூடியது. நான் போனைக் காதோடு வைத்து அழுத்திக்கொண்டிருந்தேன்.

"அந்த நேரத்த நானே மாத்திடலாம்னு தினமும் நெனைப்பேன்ப்பா. தொறந்தா கை வராது."

"நீ சொல்லு தாயீ."

"கதவத்தான் பாத்துட்டு இருந்தாங்க. எல்லாப் படத்துலயும்."

"கேட்டாளா?"

"ஒண்ணே ஒண்ணுல மட்டும் வாய் தொறந்திருந்துச்சு."

"மணி?"

"நம்ம நேரத்துக்குப் பதினொண்ணு இருவது. அதுக்கடுத்த படத்துல மூடிருச்சு."

இரண்டாவது டீ. ஆட்டுக்கிடாவுக்கு ஜன்னல் சீட்டு. நாலு நிமிஷ நடை.

"என்னக் கூப்பிட்டாளா, தேனு? ங்கன்னாளா?"

எதிரே நீல விளக்கு ஒரு தடவை எரிந்து அணைந்தது.

"படத்துல சத்தம் வராதுப்பா."